மெர்சென் கேட்ட எண்ணும் ஆறு சைக்கிள் செயின்களும்

1643-இல் பாரிசில் இருந்த மெர்சென் என்ற கிறிஸ்தவத் துறவி, துலூசில் இருந்த ஃபெர்மா என்ற கணித அறிஞரிடம் ஓர் எண்ணைக் கொடுத்து அது பகா எண்தானா என்று கேட்டார். அந்த எண் 100895598169. நம் கணக்கில் பத்தாயிரத்து எண்பத்தொன்பது கோடியே ஐம்பத்தைந்து லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்து நூற்று அறுபத்தொன்பது. ஃபெர்மா அனுப்பிய விடை: 898423, 112303 ஆகிய இரண்டு பகா எண்களின் பெருக்கல் அது.

அதே எண்ணைப் புதுச்சேரியில், முத்தியால்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில், ஆறு சைக்கிள் செயின்களையும் ஒரு கைப்பிடியையும் வைத்துப் பிரித்தேன். விடை தெரிந்த எண்ணை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று கேட்கலாம். புதிதாகச் செய்த இயந்திரத்தை நம்புவதற்கு முன், விடை தெரிந்த எண்ணில்தான் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் இந்த எண் லேசில் மசியாது. இயந்திரத்தின் எல்லா உறுப்பையும் வேலை வாங்கிவிடும்.

சைக்கிள் செயினால் எண்களைச் சலிக்கும், அதாவது ஆகாதவற்றைத் தள்ளி ஆகக்கூடியவற்றை மட்டும் மிஞ்ச வைக்கும் யோசனை என்னுடையதன்று. 1926-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாணவராக இருந்த டெரிக் ஹென்றி லெமர், 19 சைக்கிள் செயின்களை ஒரே தண்டில் தொங்கவிட்டு இதைச் செய்தார். 1932-இல் செயினை விட்டுவிட்டு, துளையிட்ட பல்சக்கரங்களும் ஒளிக்கற்றையும் கொண்ட வேகமான இயந்திரத்துக்குப் போனார். இரண்டின் 93-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணின் காரணியான 1537228672093301419 என்பதை 529510939 × 2903110321 என்று பிரித்தது அந்த இரண்டாவது இயந்திரம். லெமருக்கும் முன்னால், 1919-இல், பிரெஞ்சு ராணுவ அதிகாரி கரிசான் 14 பித்தளை வளையங்களைக் கையால் சுற்றும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். 708158977 பகா எண் என்பதைப் பத்தே நிமிடத்தில் அது காட்டியது. மோட்டார் இல்லாமல் கையால் சுற்றியே காரியம் நடக்கும் என்ற துணிச்சலை எனக்குக் கொடுத்தவர் கரிசான்தான்.

இரும்பு வேலைக்கு முன் காகித வேலை. அதைச் சுருக்க மனமில்லை, ஏனென்றால் செயினில் எந்தக் கண்ணியில் கம்பி கட்டுவது என்பதை முடிவு செய்வது அதுதான்.

ஃபெர்மாவின் வழி இது. ஒற்றைப்படைப் பகு எண் எதுவானாலும் அதை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். எண் = க² − ச² என்று எழுதிவிட்டால், (க + ச), (க − ச) இரண்டும் காரணிகள். ஆகவே எண்ணின் வர்க்கமூலத்துக்குச் சற்று மேலே தொடங்கி, க-வை ஒவ்வொன்றாகக் கூட்டி, க² − எண் ஒரு முழு வர்க்கமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஃபெர்மா தானே எடுத்துக்காட்டாகச் செய்த எண் 2027651281. அதற்கு 45030-இல் தொடங்கினால் பன்னிரண்டாவது முயற்சியில், 45041-இல், மிச்சம் 1040400 என்று வருகிறது. அது 1020-இன் வர்க்கம். காரணிகள் 44021, 46061. இரண்டும் அருகருகே இருப்பதால்தான் இத்தனை சீக்கிரம் அகப்பட்டன.

மெர்சென் எண்ணின் காரணிகள் அப்படி அருகருகே இல்லை. ஒன்று மற்றொன்றைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. 317641-இல் தொடங்கி ஒவ்வொன்றாகப் போனால் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட முயற்சிகள் வேண்டும். பெரும்பாலானவற்றைப் பார்க்காமலேயே தள்ளிவிட வழி வேண்டும். மீதிகள் அந்த வழியைத் தருகின்றன.

மூன்றை எடுத்துக்கொள்வோம். எந்த வர்க்கத்தையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. ஒருபோதும் 2 வராது. நம் எண்ணை 3-ஆல் வகுத்தால் மீதி 1. க மூன்றின் மடங்காக இருந்தால் க² − எண் மீதி 2 தரும். அது வர்க்கமாக முடியாது. ஆகவே க மூன்றின் மடங்கு அன்று, ச மூன்றின் மடங்கு. அப்படியானால் ச² ஒன்பதின் மடங்கு, எனவே க² 9-ஆல் வகுபடும்போது எண் தரும் அதே மீதியை, அதாவது 7-ஐத் தர வேண்டும். அதற்கு க-வின் மீதி 4 அல்லது 5 மட்டுமே. ஒரே வாதத்தில் ஒன்பதில் ஏழு பங்கு எண்கள் போய்விட்டன. எண்ணை 16-ஆல் வகுத்தால் மீதி 9 என்பதிலிருந்து இதே போக்கில் நடந்தால், க-வை 8-ஆல் வகுக்கும்போது மீதி 3 அல்லது 5 என்று கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்தால், 72-ஆல் வகுத்து 5, 13, 59, 67 ஆகிய நான்கு மீதிகளில் ஒன்றைத் தருகிற க மட்டுமே மிஞ்சுகிறது. இனி ஒன்று ஒன்றாகப் போக வேண்டாம். எழுபத்திரண்டு எழுபத்திரண்டாகத் தாவலாம். நான்கு வரிசைகள், ஒவ்வொன்றும் தனி ஓட்டம்.

மிஞ்சியதைச் சலிக்க 5, 7, 11, 13, 17, 19 என ஆறு செயின்கள். செயின் ஒரு கண்ணி நகர்ந்தால் க ஒரு தாவல் கூடும்; ஒவ்வொரு கண்ணியும் அந்தப் பகா எண்ணில் க தரும் ஒரு மீதியைக் குறிக்கும். ஏழைக் காட்டுகிறேன். எண்ணை 7-ஆல் வகுத்தால் மீதி 2. வர்க்கங்கள் 7-இல் தரும் மீதிகள் 0, 1, 2, 4 மட்டுமே. க-வின் மீதி 0, 1, 6 என்றால் க² − எண் தரும் மீதி 5 அல்லது 6, வர்க்கமாகாது. 2, 3, 4, 5 என்றால் ஆகலாம். ஏழில் நான்குக்கு அனுமதி, மூன்றுக்குத் தடை. மற்றவற்றில் அனுமதி இப்படி: ஐந்தில் மூன்று, பதினொன்றில் ஆறு, பதிமூன்றில் ஆறு, பதினேழில் எட்டு, பத்தொன்பதில் பத்து. ஆறையும் பெருக்கினால் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல். அதாவது நூறு படி சுற்றினால் ஏறக்குறைய இரண்டு இடத்தில் மட்டும் நின்று காகிதத்தில் பார்த்தால் போதும்.

இனி இரும்பு.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய ஃப்ரீவீல்கள், அதாவது சைக்கிளின் பின்சக்கரத்தில் செயின் ஏறும் பல்சக்கரங்கள், குவியலாகக் கிடைக்கும். 18 பல் கொண்டவையாகப் பார்த்து ஏழு எடுத்தேன்: ஆறு செயின்களுக்கு, ஒன்று ஒவ்வொரு படியிலும் தண்டை நிறுத்துவதற்கு. பல் எண்ணிக்கை எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தண்டு சுற்றும்போது ஒரு செயின் முந்தும், ஒன்று பிந்தும். தண்டுக்கு ஓர் அங்குல இரும்புக் குழாய். ஃப்ரீவீலின் துளைக்குள் அது ஏறக்குறையச் சரியாகப் புகுகிறது, அரத்தால் கொஞ்சம் தேய்த்தால் போதும். துத்தநாகம் பூசிய குழாயை வாங்காதீர்கள். வெல்டிங் சூட்டில் அதிலிருந்து வரும் புகை மூச்சுக்குக் கெடுதல். பூச்சில்லாத கறுப்புக் குழாய்தான் சரி.

ஃப்ரீவீல் ஒரு பக்கம் சுற்றினால் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். இங்கே வழுக்கல் கூடவே கூடாது. நெல்லித்தோப்பில் ஒரு வெல்டிங் பட்டறையில், ஒவ்வொன்றின் உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் சேர்த்து இரண்டு பொட்டு வைத்து இறுக்கிவிட்டு, பிறகு குழாயோடு பற்றவைத்தோம். பற்றவைக்கும் முன், ஏழு சக்கரங்களின் பல் இடுக்குகளிலும் ஒரே நேர்கம்பி படியும்படி வரிசைப்படுத்தினோம். பட்டறைக்காரர் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே, "இது எந்த வண்டிக்கு?" என்றார். வண்டிக்கு இல்லை, எண்ணைச் சலிப்பதற்கு என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் ஓர் இம்மி விலகினாலும் கணக்கு தப்பும்" என்று சொல்லி, வைத்திருந்த நான்காவது சக்கரத்தைத் தட்டிக் கழற்றித் திரும்பவும் சரியாக வைத்தார். இந்த இயந்திரத்தின் துல்லியத்தில் பாதி அவருடையது.

செயினுக்கு எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடை. கண்ணி எண்ணிக்கைகளை எழுதிய சீட்டை நீட்டியதும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "எல்லாம் இரட்டைப்படைதானே தம்பி? ஒற்றைப்படையில் செயின் சேராது." சைக்கிள் செயினில் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வரும், இரட்டைப்படையில்தான் வளையம் மூடும். நம் பகா எண்களோ எல்லாம் ஒற்றைப்படை. போதாததற்கு, ஏழு கண்ணி வளையம் பதினெட்டுப் பல் சக்கரத்தின் மேல் ஏறவே ஏறாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் அதன் இரட்டைப்படை மடங்கு: ஐந்துக்கு 40 கண்ணி, ஏழுக்கு 42, பதினொன்றுக்கு 44, பதிமூன்றுக்கு 52, பதினேழுக்கு 34, பத்தொன்பதுக்கு 38. ஐந்தின் செயினில் ஒரே அமைப்பு எட்டு முறை திரும்ப வரும், பத்தொன்பதில் இரண்டு முறை. கணக்குக்கு இதில் எந்தக் கேடும் இல்லை. ஆறையும் வெட்டி, செயின் லாக் போட்டுக் கொடுத்தார்.

அடுத்தது, நான் மிகவும் யோசித்த இடம். அனுமதிக்கப்பட்ட கண்ணிகளில் கம்பி கட்டுவதா, தடுக்கப்பட்டவற்றில் கட்டுவதா?

முதல் வழியில், ஆறு செயினிலும் ஒரே சமயம் கம்பி வந்து அதனதன் பித்தளைத் தகட்டைத் தொடும்போது விளக்கு எரிய வேண்டும். அதற்கு ஆறு தொடுப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மின்சுற்றில் கோக்க வேண்டும். ஆனால் ஆறு செயினும் ஒரே இரும்புத் தண்டில் தொங்குகின்றன. மின்சாரம் தண்டின் வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும். தனித்தனியாகப் பிரிக்க ஒவ்வொரு சக்கரத்தையும் மரத்தில் ஏற்ற வேண்டியிருக்கும். அதைக்கூடச் செய்துவிடலாம். ஒதுக்கியதற்கு உண்மையான காரணம் வேறு. இது கடற்கரை ஊர். உப்புக்காற்றில் இரண்டே நாளில் செயினில் துரு பூக்கும். துருவோ எண்ணெய்ப் படலமோ ஒரே ஒரு தொடுப்பைக் கெடுத்தால் போதும்: சரியான விடை வந்து நிற்கும் கணத்தில் விளக்கு எரியாது. விடை கடந்து போய்விடும், போனது யாருக்கும் தெரியாது.

இரண்டாவது வழியில் தடுக்கப்பட்ட கண்ணிகளில் கம்பி. ஆறு பித்தளைத் தகடுகளும் ஒரே கம்பியில் இணையாகச் சேர்கின்றன; மறுமுனை தண்டு. எந்தச் செயினாவது "இது ஆகாது" என்றால் அதன் கம்பி தகட்டைத் தொட்டு விளக்கை எரிய வைக்கும். ஆறும் மௌனமாக இருக்கும்போது மட்டும் விளக்கு அணையும். தண்டு பொதுவாக இருப்பது இங்கே குறையாக இல்லாமல் வசதியாகிவிடுகிறது. துருவினால் ஒரு தொடுப்பு கெட்டால் என்ன ஆகும்? தேவையில்லாத இடத்தில் விளக்கு அணையும். காகிதத்தில் ஒரு கணக்கு கூடுதலாகப் போட வேண்டும், அவ்வளவுதான். விடை தப்பவே தப்பாது. பழுது எப்படியும் வரும். வரும்போது அது கண்ணுக்குத் தெரிகிற பக்கம் வரட்டும் என்று இதையே தேர்ந்தேன். இத்தகைய இயந்திரம் எதைச் செய்கிறவரும் முதலில் தீர்க்க வேண்டியது இந்தக் கேள்வியைத்தான் என்பது என் திடமான கருத்து.

கம்பி என்பது கட்டடத்துக்குக் கம்பி கட்டும் அதே கட்டுக்கம்பி. கண்ணித் தகட்டின் இடுப்பு ஒடுங்கியிருப்பதால் இரண்டு சுற்று சுற்றி முறுக்கினால் நகராது. முனையை மட்டும் நாலைந்து மில்லிமீட்டர் வெளியே நீட்டி நிறுத்த வேண்டும். ஆறு செயினிலும் சேர்த்து 118 கம்பிகள். எங்கே கட்டுவது என்பதற்கு 67-ஆம் வரிசையை, அதாவது 72-ஆல் வகுத்தால் மீதி 67 தரும் வரிசையை, வைத்துக்கொண்டேன். அதில் முதல் க 317659. அடுத்தடுத்த கண்ணி ஒவ்வொன்றும் 72 கூடுதல். ஏழின் செயினில் 317659 தரும் மீதி 6, ஒவ்வொரு படிக்கும் மீதி 2 கூடும்: 6, 1, 3, 5, 0, 2, 4. தடை 0, 1, 6-க்கு. ஆகவே, முதல் கண்ணியைப் பூஜ்யம் என்று எண்ணினால், 0, 1, 4-ஆம் கண்ணிகளில் கம்பி. பிறகு ஏழு ஏழாக அதே அமைப்பு. மற்ற மூன்று வரிசைகளுக்கும் கம்பியை மாற்ற வேண்டியதே இல்லை. தாவல் எல்லாவற்றிலும் 72 என்பதால் அமைப்பு அதேதான், தொடங்கும் கண்ணி மட்டும் மாறும். ஒவ்வொரு செயினிலும் பூஜ்யக் கண்ணிக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தேன்.

சட்டம் மரம். தகடுகள் பதியும் குறுக்குக்கட்டையும் மரம். அங்கே இரும்பு வந்தால் மின்சாரம் கசியும். தகடு தொடும் இடம் சக்கரத்தின் உச்சியில் இருக்கட்டும். செயின் பல்லில் பதிந்து அசையாமல் இருப்பது அங்கேதான். கீழே தொங்கும் பகுதி ஆடிக்கொண்டே இருக்கும். தொங்கும் வளையத்தின் அடியில் பழைய பேரிங் ஒன்றைப் போட்டுவிட்டால் செயின் பல் தாண்டாது. ஏழாவது சக்கரத்தின் பல் இடுக்கில் ஒரு வில்தகடு விழுந்து, ஒவ்வொரு படியிலும் "டக்" என்று நிறுத்துகிறது. இரண்டு பேட்டரி, ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு மின்தடை. எண்ணிக்கைக்குக் கூட்டத்தை எண்ணுவோர் கையில் வைத்து அழுத்தும் எண்ணி.

ஓட்டும் முன் ஒரு சோதனை அவசியம். கெட்ட தொடுப்பு தீங்கற்றது என்றேன். ஆனால் வளைந்த கம்பி அடுத்த கண்ணியின் முறையிலும் தகட்டைத் தொட்டால் அது விடையை மறைத்துவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு தகட்டை மட்டும் இணைத்து, அந்தச் செயினை முழுச் சுற்று சுற்றி, விளக்கு அணையும் படிகளை எண்ண வேண்டும். ஐந்தின் 40 கண்ணியில் 24, ஏழின் 42-இல் 24, பதினொன்றின் 44-இல் 24, பதிமூன்றின் 52-இல் 24, பதினேழின் 34-இல் 16, பத்தொன்பதின் 38-இல் 20. ஒன்று குறைந்தாலும் எங்கோ ஒரு கம்பி சாய்ந்திருக்கிறது என்று பொருள். குறடால் நிமிர்த்தி மறுபடியும் எண்ண வேண்டும். செயினில் முழுக்க எண்ணெய் போடாமல், டீசலில் கழுவித் துடைத்து, கண்ணி மூட்டுகளில் மட்டும் ஒரு சொட்டு விட்டால் தொடுப்பு சுத்தமாக இருக்கிறது.

நான்கு வரிசைகளையும் ஆயிரம் ஆயிரம் படியாக மாற்றி மாற்றி ஓட்டினேன். 67-ஆம் வரிசையில் விளக்கு முதலில் அணைந்தது 33-ஆம் படியில். க = 317659 + 72 × 33 = 320035. வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தால் 1526803056. கடைசி இரண்டு இலக்கம் 56. வர்க்கங்களின் கடைசி இரண்டு இலக்கம் 22 வகையில்தான் முடியும். 56 அவற்றில் உண்டு. ஆகவே முழுக்கப் பார்க்க வேண்டியதாயிற்று: 39074-இன் வர்க்கத்துக்கும் 39075-இன் வர்க்கத்துக்கும் இடையில் விழுகிறது. ஆகாது. அடுத்தவை 62, 68-ஆம் படிகள், அவையும் ஆகாது. ஒவ்வொரு முறை விளக்கு அணையும்போதும் இன்னொன்றையும் பார்த்தேன். எண்ணியில் உள்ள படியை 7-ஆல் வகுத்த மீதியும், ஏழின் செயின் சிவப்புக் கண்ணியிலிருந்து நகர்ந்திருக்கும் இடத்தை 7-ஆல் வகுத்த மீதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு செயினும் ஒத்துப்போனால் நடுவில் ஒரு பல்கூடத் தாண்டவில்லை என்பது உறுதி. இந்த இயந்திரம் தன் எண்ணிக்கைக்குத் தானே சாட்சி சொல்கிறது.

2607-ஆம் படி. க = 317659 + 187704 = 505363. அதன் வர்க்கம் 255391761769. எண்ணைக் கழித்தால் 154496163600. இரண்டு பூஜ்யத்தில் முடிகிறது. நூறால் வகுத்து மூலம் எடுத்தால் 39306, மீதமே இல்லை. ச = 393060. கூட்டினால் 898423, கழித்தால் 112303. விடை என்னவென்று முதலிலிருந்தே தெரிந்திருந்தும், அந்த மூலம் சுத்தமாக முடிந்தபோது கை நடுங்கியது உண்மை.

அந்த இரண்டு காரணிகளையும் ஒரே காகிதத்தில் அருகருகே எழுதியபோதுதான் இந்த எண்ணின் உண்மையான முகம் தெரிந்தது. 112303-ஐ எட்டால் பெருக்குங்கள்: 898424. பெரிய காரணியைவிடச் சரியாக ஒன்று கூடுதல். சின்னதை ப என்றால் மெர்சென் எண் ப × (8ப − 1). அப்படியானால் எண்ணை 32-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் (16ப − 1)-இன் முழு வர்க்கம் வந்தாக வேண்டும். போட்டுப் பார்த்தேன்: 32 மடங்கு 3228659141408, ஒன்று கூட்டினால் 3228659141409. அது 1796847-இன் வர்க்கமேதான். ஆகவே எண்ணை அப்படியே சலிக்காமல், 32-ஆல் பெருக்கிவிட்டு ஃபெர்மாவின் வழியில் இறங்கினால், முதல் முயற்சியிலேயே ச = 1 என்று எண் உடைந்துவிடுகிறது. லட்சத்து எண்பத்தேழாயிரம் முயற்சி கேட்கும் எண்ணும் ஒரே முயற்சியில் விழும் எண்ணும் ஒன்றுதான். எதனால் பெருக்கிவிட்டுத் தொடங்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு. காரணிகள் அருகருகே இருப்பது ஒன்றுதான் வாய்ப்பு என்பதில்லை. அவற்றின் விகிதம் 3-க்கு 1, 8-க்கு 1, 5-க்கு 2 என்று ஒரு சின்னப் பின்னத்துக்கு அருகில் இருந்தாலும் தகுந்த பெருக்கியால் அவற்றை நெருங்க வைத்துவிடலாம்.

இப்போது எந்த எண்ணையும் செயினில் ஏற்றும் முன் சின்னப் பெருக்கிகள் சிலவற்றைக் காகிதத்தில் முயன்று பார்க்கிறேன். அதில் மசியாதவைதான் மாடிக்குப் போகின்றன. தண்டில் இன்னும் இரண்டு சக்கரத்துக்கு இடமிருக்கிறது. 23-க்கு 46 கண்ணி, 29-க்கு 58 கண்ணி என்று சைக்கிள் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். அவை வந்தால் காகிதத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் ஏறக்குறைய கால் பங்காகக் குறையும். அடுத்து ஏற்றப்போவது கரிசானின் 708158977. அது பகா எண் என்பதால் சுற்றி முடிக்கும்வரை விளக்கு அணைந்த எந்த இடத்திலும் வர்க்கம் வரக் கூடாது. அதற்காகப் பழைய 118 கம்பிகளையும் அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.